நின்ற இடத்திலேயே ஓடும் குதிரை

"தங்கச்சி, இதால குதிரைக்கு என்ன பிரயோசனம்?"

மாட்டு டொக்டர் புண்ணியமூர்த்தி இப்படிக் கேட்டபோது சுபைறா கதவுக்குப் பின்னால் நின்றாள். அந்நிய ஆண்களோடு அவளுக்குக் கதைத்துப் பழக்கமில்லை. "அவருட்டத்தான் கேக்கணும்" என்று கதவுக்குப் பதில் சொன்னாள்.

அவர், அதாவது அவளுடைய கணவர் அபூசாலி, அந்த நேரம் முற்றத்தில் குதிரையின் மேல் இருந்தார். குதிரை ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் எங்கேயும் போகவில்லை. அவளுடைய மிளகாய்ப் பாத்தியின் நடுவில், கால்களை மாற்றி மாற்றித் தூக்கி, நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மிளகாய்ச் செடிகள் இருந்த இடத்தில் இப்போது ஒரு கிணற்றுக்கு அடையாளம் வைத்தது போலிருந்தது.

"இதுக்குப் பேர் பியாஃப்" என்று மேலே இருந்தபடியே அறிவித்தார் அபூசாலி. "மூண்டு வருசம் பழக்கினாத்தான் வரும். இவனுக்கு மூண்டு நாளில வந்திட்டு."

அபூசாலி நாலு வருடம் குவைத்தில் ஒரு பணக்கார அறபியின் குதிரை லாயத்தில் வேலை செய்தவர். சாணம் அள்ளுகிற வேலைதான். ஆனால் சாணம் அள்ளுகிறவனுக்குத்தான் லாயத்தில் எல்லா இடத்துக்கும் போக உரிமை. அங்கே ஒரு வெள்ளைக்காரன் குதிரைகளுக்கு ராஜநடை பழக்குவதை அவர் ஒருநாளும் தவறவிடாமல் பார்த்திருந்தார். நின்ற இடத்தில் ஓடுவது பியாஃப். முகத்தை ஒரு பக்கம் திருப்பி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போவது ஒன்று. பின்காலில் பாரத்தை வைத்து, முன்கால் இரண்டையும் மடக்கி எழும்பி நிற்பது லெவாட். அதுதான் முடிவான பாடம். இவற்றால் குதிரையின் முதுகு பலப்படும், பின்கால் பாரம் தாங்கப் பழகும், இருபத்தைந்து வயதிலும் குட்டி போலத் துள்ளும் என்று வெள்ளைக்காரன் சொன்னதாக அவர் சந்தியில் நின்று சொல்லாத நாளில்லை.

டொக்டர் அதை முழுவதும் மறுக்கவில்லை. வருடக்கணக்கில் மெதுமெதுவாகப் பழக்கினால், குதிரைக்கும் மனமிருந்தால், நன்மைதான் என்றார். அவசரப்பட்டால் பின்கால் மூட்டு கெட்டுப்போகும்.

"மனமிருக்கிற குதிரைக்குக் காது முன்னுக்கு நிக்கும் தம்பி. இதுக்குக் காது பிடரியோட படுத்துக் கிடக்கு. வாலைச் சவுக்கு மாதிரி வீசுது."

"அது வெக்கம்" என்றார் அபூசாலி.

டொக்டர் தன் பையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

குதிரைக்கு சுல்தான் என்று பெயர். பந்தயம் ஓடி ஓய்ந்தபிறகு வீரமுனைத் தங்கத்துரையிடம் இருந்தது. வயல் சுற்றிப் பார்க்கவென்று அவர் வாங்கியிருந்தாராம். அபூசாலி போய்க் கேட்டதும் பேரம்கூடப் பேசாமல் கொடுத்தார். ஒரு மூட்டை நெல்லையும் தூக்கி வண்டியில் வைத்தார். இருட்ட முதல் கொண்டுபோய்ச் சேருங்கள் என்று மதகு வரைக்கும் வந்து வழியனுப்பினார். இப்படி ஒரு நல்ல மனிதனைத் தான் கண்டதில்லை என்று அபூசாலி அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிளகாய்ப் பாத்தி போனது சுபைறாவுக்குப் பெரிதாகப் படவில்லை. அவளுடைய கவலை அலுமாரிக்குள் இருந்தது. அபூசாலியை மறுபடி குவைத்துக்கு எடுக்க ஏஜென்ற் அனுப்பிய விசாக் கடிதம் அங்கே, அவளுடைய கலியாணச் சாரிக்குக் கீழே கிடந்தது. வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நாலு வருடம் அவள் ஒரு கசட் பெட்டியோடு குடித்தனம் நடத்தியிருந்தாள். மாதத்துக்கு ஒரு கசட் வரும். "சுபைறா, சுகமா இரிக்கியா" என்று அது கேட்கும். "ஓம்" என்று இவள் பெட்டியைப் பார்த்துச் சொல்வாள். அது பாட்டுக்கு அடுத்த கதைக்குப் போய்விடும்.

அவளுடைய தங்கை நதீராவின் கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளையைச் சுல்தானில் ஏற்றிக் கொண்டுவந்து பொண்ணு வீட்டு வாசலில் இறக்கிவிட்டால், இனி ஊர்க் கலியாணமெல்லாம் இந்தக் குதிரையில்தான் என்பது அபூசாலியின் கணக்கு.

"சரியா நடந்திட்டெண்டா நான் ஊரோட இரிக்கன். இல்லாட்டி இரிக்கவே இரிக்கி, அறபிட சாணி" என்றார்.

ஆகவே சுபைறா குதிரைக்காக இரண்டு றக்அத் தொழுதாள். குதிரைக்குத் தண்ணி வைத்தாள், சர்க்கரைக் கட்டி கொடுத்தாள். முதுகில் ஆளில்லாத நேரத்தில் அது அவளுக்குப் பின்னால் கிணற்றடிக்கும் வேலிக்கும் ஒரு ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. காதுகூட முன்னுக்கு நின்றது. அபூசாலி ஏறியதும்தான் அதற்கு வெட்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. மாப்பிள்ளை மீராசாஹிபு கூட்டுறவுச் சங்கத்தில் அரிசி நிறுப்பவர். அவரையே தராசில் வைத்தால் இரண்டு மூட்டைக்குக் குறையாது. அடுத்த தெருதான். காரென்றால் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் வந்துவிடலாம்.

சுபைறா பொண்ணு வீட்டு வாசல் படலையில் பெண்களோடு நின்றாள். அரை மணி நேரம் ஆயிற்று. றபான் மேளச் சத்தம் மட்டும் ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. கலியாணக் காவின் பதிகிறவர் பந்தலுக்குள் மணிக்கூட்டைப் பார்த்தார். மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவருக்கு இன்னொரு கலியாணம் இருந்தது.

கடைசியில் தெருமுனையில் மாப்பிள்ளையின் தொப்பி தெரிந்தது. மேலே போனது, கீழே வந்தது. மேலே போனது, கீழே வந்தது. முன்னுக்கு மட்டும் வரவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெண்கள் குரவை போடப் போட, சுல்தான் அங்கங்கே நின்று பியாஃப் போட்டுக்கொண்டு வந்ததாகப் பிறகு தெரிந்தது.

அபூசாலி கடிவாளத்தைப் பிடித்தபடி வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். குரவையைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி மாப்பிள்ளையின் மாமி சரீபாவிடம் கெஞ்சிக் கேட்டார். சரீபா மாமி இடுப்பில் கையை வைத்தார்.

"குரவ இல்லாமப் போறதுக்கு எங்கட புள்ள என்ன களவெடுக்கவா போறான்? போடுங்ககா நல்லா."

இந்தமுறை குரவை கடற்கரைவரை கேட்டிருக்கும். அபூசாலி வேறு வழியில்லாமல் கம்பால் குதிரையின் விலாவில் ஒரு தட்டுத் தட்டினார். சுல்தான் நகர்ந்தது. முன்னுக்கு அல்ல, பக்கத்துக்கு. கழுத்தை அழகாக வளைத்து, காலுக்குக் கால் குறுக்கே வைத்து, தையல்காரர் அச்சிமுகம்மதுவின் கிடுகு வேலியை மாப்பிள்ளையின் வலது முழங்காலால் உரசிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போனது. சனம் வாயைப் பிளந்து பார்த்தது. அங்கே வேலி முடிந்ததும் எதிர்ப்பக்க வேலிக்கு வந்தது. இடது முழங்காலை மறக்கவில்லை.

"இது ரெண்டாம் பாடம்" என்று அபூசாலி சனத்துக்கு விளங்கப்படுத்தினார்.

"மச்சான், என்ன இறக்குங்க" என்றார் மாப்பிள்ளை.

இறக்கினால் எல்லாம் முடிந்தது. கணவருடைய கண் தெருவைத் தாண்டி எங்கேயோ, குவைத்துக்குப் பக்கத்தில், போவதைச் சுபைறா கண்டாள். முக்காட்டை இழுத்துவிட்டாள். அடுப்படியிலிருந்து ஒரு கட்டிச் சர்க்கரையை எடுத்துக்கொண்டு, பிறந்து இருபத்தெட்டு வருடத்தில் முதல்தடவையாக, ஆண்கள் நிறைந்த தெருவின் நடுவுக்கு நடந்தாள். றபான் நின்றது. குரவையும் நின்றது. அவள் கையை நீட்டி, "வா வாப்பா" என்று குதிரையைக் கூப்பிட்டாள்.

சுல்தானின் காது இரண்டும் முன்னுக்கு வந்தன. அதற்குச் சர்க்கரை வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் முதலில் செய்து முடிக்க ஒரு வேலை இருந்தது. பின்காலில் பதிந்து உட்கார்ந்தது. முன்கால் இரண்டையும் மடக்கியது. மெதுவாக, மிக அழகாக, மினாரா மாதிரி எழும்பி நின்றது.

மாப்பிள்ளை முதுகால் வழுகி, வால் வழியாக இறங்கி, பின்னால் வந்தவர் பயத்தில் கீழே போட்ட பெரிய றபானுக்குள் உட்கார்ந்தார். தோல் கிழிந்தது. வளையம் இடுப்பில் இறுகிக்கொண்டது.

சுல்தான் காலை ஊன்றிச் சர்க்கரையைத் தின்றது. பிறகு ஒரு ஹாஜியார் மாதிரி அமைதியாக, நேராக நடந்து பொண்ணு வீட்டுப் படலைக்குள் போனது.

சரீபா மாமி வாயைத் திறக்கப் போனார். அவர் திறந்தால் கலியாணம் என்னவாகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"லெவாட்" என்றார் அபூசாலி. அந்தச் சொல் அவருடைய வாயிலிருந்து தானாகத்தான் விழுந்தது. "ராசாமாருக்கு முன்னுக்கு மட்டும்தான் குதிரை இப்பிடி எழும்பும். குவைத்தில நாலு வருசத்தில ரெண்டு தரம்தான் கண்டிரிக்கன்."

சரீபா மாமி வாயை மூடினார். யோசித்தார். பிறகு திறந்தார். "எங்கட புள்ளையக் கண்டுதானே எழும்பின" என்றார். குரவை மறுபடி கிளம்பியது. மாப்பிள்ளை றபான் வளையத்தோடேயே பந்தலுக்குள் போனார். மஃரிபுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் காவின் முடிந்தது. வளையத்தை ஆசாரியார் வந்து அறுத்தார்.

அடுத்தநாள், அதாவது அந்தத் திங்கட்கிழமை, அபூசாலியின் வீட்டில் வைத்த வலீமா விருந்தில் மாப்பிள்ளையைவிட அபூசாலிக்குத்தான் மதிப்பு. ஆடுகிற குதிரை தங்களுக்கும் வேண்டும் என்று மருதமுனையிலிருந்து ஒரு குடும்பமும் பாலமுனையிலிருந்து ஒரு குடும்பமும் வந்து நாள் கேட்டன. சோற்றுச் சஹன் தட்டைச் சுற்றி இருந்தவர்களுக்கு அவர் மூன்று பாடங்களையும் கையால் செய்து காட்டினார். சஹனின் மறுபக்கத்தில் டொக்டர் புண்ணியமூர்த்தி தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுபைறா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். விசாக் கடிதத்தை அடுப்புக்குள் வைக்கலாமா, கிழித்துவிட்டு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வீரமுனைத் தங்கத்துரை ஒரு பூசணிக்காயோடு விருந்துக்கு வந்தார். அபூசாலி அவரை அணைத்துக்கொண்டு, பக்கத்தில் இருத்தி, மூன்று பாடங்களையும் முதலிலிருந்து மறுபடி செய்து காட்டினார்.

தங்கத்துரை வெற்றிலையை மென்றபடி எல்லாவற்றையும் பார்த்தார்.

"தம்பி, இந்த மூண்டு குழப்படிக்காகத்தானே நான் அத வித்தனான். ஆள் ஏறினா நிண்ட இடத்தில துள்ளும். இறங்காட்டி வேலியில உரசும். அதுக்கும் இறங்காட்டி எழும்பி நிண்டு கொட்டும். என்னை மட்டும் ஏழு தரம் வயலுக்க கொட்டினது. முதுகில ஒரு ஈயையும் வைச்சிருக்காது தம்பி, அதுதானே நெல்லும் தந்து அனுப்பின."

டொக்டர் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தினார். கதவின் பக்கம் பார்த்தார். குதிரைக்கு என்ன பிரயோசனம் என்று அவர் இனி ஒருவரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அபூசாலி எழும்பினார். கையைக் கழுவினார். அறைக்குள் வந்தார். சுபைறாவின் நெஞ்சு அலுமாரிக் கதவின் கிறீச்சுச் சத்தத்துக்காகக் காத்து நின்றது.

அவர் அலுமாரியைக் கடந்து அடுப்படிக்குப் போனார். பெரிய சர்க்கரைக் கட்டியாகப் பார்த்து ஒன்றை எடுத்தார். பின்கதவால் குதிரையைப் பார்க்கப் போனார்.