மானிட்டரில் பாடிய மாமனார்

கம்ப்யூட்டர் பற்றி ஒன்றுமே தெரியாதவன் கடைக்காரரிடம் கேட்டு ஒழுங்கான பொருளை வாங்கி வந்துவிடுவான். நன்றாகத் தெரிந்தவனுக்கும் பிரச்சினையில்லை. அரைகுறையாகத் தெரிந்தவன்தான் யாரிடமும் எதையும் கேட்க மாட்டான். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவியில் பல வருடமாக நான்தான் இருக்கிறேன். (போட்டிக்கு ஆளே கிடையாது.)

ஒரு டிசம்பர் மாதம் எங்கள் வீட்டு டிவி மண்டையைப் போட்டது. அது போன நேரம் சரியில்லை. என் மனைவி கிரேஸ் அந்த வாரம்தான் உள்ளூர் கேபிள் சேனலின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்காக ஒரு பாட்டுப் பாடிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பாடகர் குழுவோடு நின்று பாடுவது அவளுக்குப் புதிதில்லை. தனியாகப் பாடியது அதுதான் முதல் தடவை.

அதுவரை அவள் தனியாகப் பாடாததற்குக் காரணம் என் மாமனார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், சபையில் பாடகர் குழுவையும் நடத்தியவர். சொந்த மகளுக்குத் தனிப்பாட்டுக் கொடுத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, அவர் குழுவை நடத்தியவரைக்கும் கிரேஸைப் பின்வரிசையிலேயே நிறுத்திவைத்தார். வீட்டில் பாடிக் காட்டி "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்ல" என்பார். மீன்குழம்பு, மழை, பேரனின் மார்க், எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒரே வார்த்தைதான். அவர் ஓய்வு எடுத்துக்கொண்ட பிறகு வந்தவர்தான் கிரேஸை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அப்பா ஒரு தடவை கேட்டாப் போதும்ங்க. அதுக்குள்ள டிவி வாங்கிருங்க" என்றாள் கிரேஸ்.

"டிவி எதுக்கு? டிவிங்கிறது என்ன, மானிட்டர்தானே? சேனல் காட்டுறதுக்கு நம்மகிட்ட செட்டாப் பாக்ஸ் இருக்கு. நல்ல மானிட்டரா வாங்குவோம். படம் பளிங்கு மாதிரி இருக்கும்" என்றேன் நான். நான் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் என் மானத்தை வாங்கியது.

மேலமாசி வீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். வரிசையாக மானிட்டர்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன், அணிவகுப்பைப் பார்வையிட வந்த கலெக்டர் மாதிரி. "இது எத்தனை ஹெர்ட்ஸ்?" என்று கேட்டேன். ஹெர்ட்ஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. கூடுதலாக இருந்தால் நல்லது என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள். கடைப் பையன் சொன்ன எண்ணைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினேன். பிறகு அதையே எடுக்கச் சொன்னேன்.

பில் போடும்போது அவன், "ஸ்பீக்கர் ஏதும் பாக்குறீங்களாண்ணே?" என்றான்.

"வீட்டுல நாலு பேர் பாக்குறதுக்கு ஸ்பீக்கர் எதுக்குப்பா? இதென்ன கல்யாண மண்டபமா?" என்றேன். கிரேஸ் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வை அதன் பிறகு இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பை மானிட்டர் பக்கத்திலேயே வைத்து, ஒயரை மாட்டிச் சோதித்துப் பார்த்தேன். படம் வந்தது. சத்தமும் வந்தது. சத்தம் வந்தது லேப்டாப்பிலிருந்து என்பது எனக்கு உறைக்கவில்லை. "கேட்டியா, எம்புட்டுத் துல்லியமா இருக்கு" என்று கிரேஸிடம் வேறு சொன்னேன்.

ஒளிபரப்பு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எங்களுடையது திருநகரில் மாடி வீடு. மாமாவுக்கு அப்போதுதான் முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அத்தை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்து, படிக்குப் படி நின்று, ஒரு வழியாக அவரை மேலே கொண்டுவந்து சேர்த்தோம். கீழ் வீட்டு மல்லிகா அக்காவையும் கிரேஸ் கூப்பிட்டிருந்தாள். எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு செட்டாப் பாக்ஸை மானிட்டரில் மாட்டினேன். படம் நிஜமாகவே பளிங்கு மாதிரிதான் வந்தது. நிகழ்ச்சி நடத்துகிற பெண் வாயை அசைத்தாள். ஒரு சத்தமும் இல்லை.

ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினேன். திரையில் கோடு ஏறியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. "சேனல்காரனுக்கு ஏதோ கோளாறு" என்றேன்.

"காலைல எங்க வீட்டுல நல்லாத்தானே கேட்டுச்சு" என்றார் மல்லிகா அக்கா. "வேணும்னா எல்லாரும் கீழ எங்க வீட்டுக்கு வாங்களேன்."

மாமா படிக்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "நான் இறங்கி முடிக்கிறதுக்குள்ள ஈஸ்டர் வந்துரும்மா" என்றார்.

கிரேஸ் மானிட்டரை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மானிட்டரைத் திருப்பி, ஜுரம் வந்த பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி முதுகெல்லாம் தடவிப் பார்த்தேன். ஸ்பீக்கர் என்கிற வஸ்து அதில் எங்குமே இல்லை. கடைசியில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் தட்டுப்பட்டது. பக்கத்தில் ஹெட்போன் படம் போட்டிருந்தது. ஆபீஸ் மீட்டிங்குக்காக நான் வைத்திருந்த பெரிய ஹெட்போனை ஓடிப் போய் எடுத்து வந்தேன்.

"ஒரு ஆள்தான் கேக்க முடியும்" என்றேன், யார் முகத்தையும் பார்க்காமல்.

"அப்பாவுக்கு மாட்டுங்க" என்றாள் கிரேஸ்.

ஹெட்போன் ஒயர் நீளம் பத்தவில்லை. மாமாவை மானிட்டருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்காரவைக்க வேண்டியதாயிற்று. அவருடைய வழுக்கைத் தலை திரையில் பாதியை மறைத்தது. ஆக, மற்றவர்களுக்குச் சத்தமும் இல்லை, முழுப் படமும் இல்லை. அதற்குள் கிரேஸின் பெயர் திரையில் வந்துவிட்டது.

நீலப் பட்டுச் சேலையில் கிரேஸ் வாயைத் திறந்தாள். மாமாவின் வலது கை தானாகவே எழுந்து தாளம் போட ஆரம்பித்தது. இரண்டாவது வரியில் அவரும் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார். காது இரண்டும் அடைத்திருந்ததால் தான் பாடுவது அவருக்கே தெரியவில்லை. திரையில் கிரேஸ் வாயசைக்கிறாள். கேட்பதோ எழுபது வயசு ஆம்பளைக் குரல். மல்லிகா அக்கா முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். அத்தை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இதுக்கு ரேடியோவே வாங்கியிருக்கலாம் மாப்ள" என்றார்.

கிரேஸ் சிரிக்கவில்லை. திரையைப் பார்க்கவும் இல்லை. பக்கவாட்டில் போய் நின்று அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. மாமா ஹெட்போனைக் கழற்றாமலேயே அத்தை பக்கம் திரும்பினார். காது அடைத்தவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. முழு வகுப்புக்கும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற தொண்டையில் சொன்னார்:

"ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்கிட்டா. மத்தபடி எம்புட்டு நல்லா பாடுது பிள்ளை. இதைப் போயி அம்புட்டு வருஷம் பின்னால நிப்பாட்டி வச்சேன் பாரு, என்னையச் சொல்லணும்."

தெருவில் யாரோ வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். கிரேஸுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்; என் முட்டாள்தனத்துக்காக அழுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மாமா ஹெட்போனைக் கழற்றினார். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, "என்ன?" என்றார் மெதுவாக.

"பாட்டு எப்படிப்பா இருந்துச்சு?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள் கிரேஸ்.

"பரவாயில்ல" என்றார்.

மறுநாளே ஸ்பீக்கர் வாங்கிவிட்டேன். (அதே கடையில்தான். அந்தப் பையன் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல பையன்.) ஹெட்போன் மட்டும் ஹாலில் ஆணியில் தொங்குகிறது. மாமா சாப்பிட வரும்போதெல்லாம் கிரேஸ் மீன்குழம்பை ஊற்றிவிட்டு "எப்படிப்பா?" என்பாள். "பரவாயில்ல" என்று வந்தால் போதும், பேரன் ஓடிப் போய் ஹெட்போனை எடுத்துத் தாத்தா தலையில் மாட்டிவிடுவான். அவரும் சிரித்துக்கொண்டே தெருவுக்கே கேட்கிற மாதிரி குழம்பைப் புகழ்வார்.

இதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒருநாள் ஆசை வந்துவிட்டது. நானே ஹெட்போனை எடுத்துப் போய் அவர் தலையில் மாட்டி, "மாப்ள எப்படி மாமா?" என்று கேட்டேன்.

மாமா நிதானமாக அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"வேணாம் மாப்ள. கீழ மல்லிகா வீட்டுல கேட்டுரும்" என்றார்.