மூக்கு விழுந்தால் தூக்கக் கூடாது, பெரியப்பா

அன்புள்ள சிமியு பெரியப்பா அவர்களுக்கு,

நைரோபியில் நான் நலம். புங்கோமாவில் நீங்கள், பெரியம்மா, உங்கள் முதுகு, நீங்கள் சவாரி ஓட்டும் மட்டாத்து வேன் எல்லாம் நலம் என்று நம்புகிறேன். சனிக்கிழமை நான் தனியாக விமானம் ஓட்டுவதைப் பார்க்க நம் ஆட்கள் அத்தனை பேரையும் மட்டாத்துவில் ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியனுப்பினீர்கள். தயவுசெய்து வராதீர்கள். போனில் சொன்னால் தெருவுக்கே கேட்கும்படி போனைத் தூக்கிப் பிடிப்பீர்கள், அதனால்தான் கடிதம்.

மேட்டில் வண்டி திணறி நிற்பது போலத்தான் இந்த 'ஸ்டால்' என்று நினைக்கிறீர்கள். இல்லை பெரியப்பா, எஞ்சின் நன்றாகத்தான் ஓடும். விமானத்தின் மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால் இறக்கையை ஒட்டிப் போகிற காற்று பிய்த்துக்கொள்ளும், இறக்கை தாங்காது. அதை வேண்டுமென்றே வரவழைத்து, அதிலிருந்து மீண்டு காட்டினால்தான் தனியாக விடுவார்கள். முதலில் கைப்பிடி வேகாத உகாலிக் களி மாதிரி தொளதொளவென்று ஆகும், பிறகு ஹாரன் அலறும், விமானமே நடுங்கும், மூக்கு சரேலென்று விழும். அப்போது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டுமாம். விழுகிறதை இன்னும் கீழே தள்ளு என்றால் யாருக்குக் கை வரும்?

முதல் தடவை ஹாரன் அலறியதும், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத்தரும் கேப்டன் முசெம்பியிடம் நான், "போலே கேப்டன், போலே" என்றேன். எதிரே வருகிறவருக்குக் கால் தடுக்கினாலே ஆறுதலாகச் சொல்வோமே, அந்த வாய்ப்பழக்கம். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் கை நகர்ந்தது, அதுவும் நீங்கள் போனில், "மூக்கு விழுந்தா தூக்கு, இதுக்கு எதுக்குப் படிப்பு?" என்றீர்களே, அதன்படி இழுத்தேன். இடது இறக்கை சாய்ந்தது, கைப்பிடியை வலது பக்கம் திருப்பினேன், இன்னும் சாய்ந்தது, முன்கண்ணாடியில் கீழே மேய்கிற மாடுகள் சுற்ற ஆரம்பித்தன, மாடுகளுக்கும் போலே சொன்னேனாம். கேப்டன் முசெம்பி கைப்பிடியைப் பிடுங்கி நிமிர்த்திவிட்டு, "யாரும்மா செத்துட்டாங்க, துக்கம் விசாரிக்கிறே? முதல்ல தள்ளு, காலால பெடலை மிதிச்சு நேராக்கு, அப்புறம் விசாரி!" என்றார். அதற்கும் போலே என்றேன்.

நேத்து வாயை இறுக்கி மூடிக்கிட்டேன் பெரியப்பா, கையும் சேர்ந்து இறுகிடுச்சு, மறுபடி இழுத்துட்டேன். "நாலியாகா, நாளைக்கும் இழுத்தேன்னா உன்னை வகுப்புலேருந்தே எடுத்துடறேன். டிக்கெட் கவுண்டர்ல போய் உக்காரு, ஆறுதல் சொல்ல நிறைய ஆள் கிடைப்பாங்க"ன்னுட்டார். நம்ம குடும்பத்துலயே முதல்ல பட்டம் வாங்கினவ திரும்பி வந்து நின்னா, அப்பா ஒண்ணுமே சொல்ல மாட்டார், அதுதான் பயமா இருக்கு. ஒரு இடத்துல உக்கார முடியலை. சாப்பிடறப்போ தட்டை முன்னாடி தள்ளித் தள்ளிப் பழகறேன், எதிர்ல இருக்கற பொண்ணு, "எனக்குப் போதும்"கிறா.

ஆகவே மட்டாத்துவில் வழக்கமான சவாரி ஏற்றுங்கள், கட்டிவைத்த கோழிகளை அவிழ்த்துவிடுங்கள், கேட்பவர்களிடம் நைரோபியில் மேகம் என்று சொல்லுங்கள். பெரியம்மாவுக்கு என் வணக்கம். கடவுள் உங்களையும் உங்கள் பிரேக்கையும் காக்கட்டும்.

பணிவுள்ள மகள்,
நாலியாகா

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள், சனிக்கிழமை வாங்க. இன்னிக்கு ஹாரன் அலறிச்சு, நான் யோசிக்கறதுக்குள்ள கை தள்ளிடுச்சு. இறக்கை சாய்ஞ்சதும் காலால மிதிச்சேன், நிமிர்ந்துடுச்சு. தரை இறங்கினதும் கேப்டன் கதவைத் திறந்து தான் மட்டும் குதிச்சு, "போ, தனியா ஒரு சுத்து சுத்திட்டு வா"ன்னார். போனேன். சனிக்கிழமை உங்க முன்னாடி மறுபடி சுத்துவேன். பக்கத்துல யாருமே இல்லை பெரியப்பா, அதனால நம்ம மொழியில வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன், பாடினேன்னுகூடச் சொல்லலாம். ரேடியோ பொத்தானை அழுத்திக்கிட்டே கத்தியிருக்கேன். கட்டுப்பாட்டு அறையில நம்ம மொழி புரிஞ்ச ஒரே ஆள் நாங்கிலா அக்கா, புங்கோமாக்காரங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க. அதனால இந்தக் கடிதம் வந்து சேரும்போது நான் என்ன கத்தினேன்னு உங்க தெருவுக்கே தெரிஞ்சிருக்கும்.