மூன்று மணிக்கு முன்னால் அறை கிடையாது

கிருஷ்ணராஜ் ஜப்பானுக்குப் போவதென்று முடிவெடுத்தபோது அடுப்பில் பருப்பு இன்னும் வேகவில்லை.

செய்தி வந்து ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. மகள் நிரோஷா ஒசாக்காவில் ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்து விரிக்கும் வேலையில் இருக்கிறாள். இந்த வருஷம் வேலை சுத்தம் என்று அவளுக்கு ஒரு பரிசு. வீட்டாரை வரவழைத்து மூன்று இரவு அதே ஹோட்டலில் விருந்தாளியாகத் தங்க வைக்கலாம். விமான டிக்கெட்டையும் தானே போடுவதாகப் பிள்ளை சொல்லிவிட்டாள். அன்னலட்சுமி போனை மேசையில் வைத்துவிட்டுப் பருப்பைக் கிளறினாள்.

"ஒருத்தருக்குத்தானாம். மாசக் கடைசிக்குள்ள பேரு குடுக்கணுமாம். அப்ப யாரு போறது?"

"நான்தான்."

கேள்வியின் வால் அவள் வாயை விட்டு வெளியே வருமுன் பதில் போய்ச் சேர்ந்துவிட்டது. கிருஷ்ணராஜுக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

"ஆசையில சொல்லல அன்னம். ஹோட்டல் லைன்ல இருபத்திரெண்டு வருஷம் இருக்கேன். எனக்குப் பழக்கம். நீ போனா தெகைச்சுப் போயிருவ."

ஹோட்டல் லைன் என்பது பொய்யில்லை. கண்டி வாவிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அவர் துணி ஸ்டோர் கீப்பர். படுக்கை விரிப்பு எத்தனை, துவாய் எத்தனை, தலையணை உறை எத்தனை என்று எண்ணி உள்ளே வைப்பார், எண்ணி வெளியே கொடுப்பார். முன்வாசல் கதிரையில் ஒருநாள் உட்கார்ந்ததில்லை. மேலே அறையில் ஒரு ராத்திரி படுத்ததில்லை. பெட்டி தூக்குகிறவனுக்கு டிப்ஸ் கிடைக்கும், சாப்பாடு வைக்கிறவனுக்குக் கிடைக்கும்; துணி ஸ்டோருக்குள் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ரூபாய் எட்டிப் பார்த்ததில்லை. இஸ்திரி போட்ட தலையணை உறையைத் தடவும்போதெல்லாம், ஒருநாளாவது இதில் தலை வைத்துப் படுக்க வேண்டும் என்று அவருக்கு நெஞ்சுக்குள் ஒரு ஏக்கம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஐம்பத்து மூன்று வயசு மனுஷன் தலையணைக்கு ஏங்குகிறேன் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் அன்னலட்சுமியிடம் "நீ வேண்டாம்" என்று சொல்வது வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். அவளாகவே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரே வழி, பயங்காட்டுவது. அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே தொடங்கிவிட்டார்.

"அங்க டொய்லெட்டே நம்மள மாதிரி இல்ல அன்னம். உள்ள போனா மூடி தானாத் தொறக்கும்."

"ஆளப் பாத்தா?"

"ஆளப் பாத்துத்தான். உக்காந்தா அடியில சூடா இருக்கும். பக்கத்துல பத்துப் பதினைஞ்சு பொத்தான். ஒண்ண அமுக்கினா தண்ணி அடிக்கும், இன்னொண்ண அமுக்கினா காத்து அடிக்கும். மாத்தி அமுக்கினா முடிஞ்சுது கதை. நானே பயந்துக்கிட்டுத்தான் போறேன்."

அன்னலட்சுமி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். முகத்தில் பயம் தெரியும் என்று அவர் பார்த்தார். தெரிந்தது வேறு.

"அடிக்கிற தண்ணி சூடா, பச்சத் தண்ணியா?"

கிருஷ்ணராஜுக்கு அது தெரியாது. தெரியாது என்று சொன்னால் ஹோட்டல் லைன் என்னாவது? "நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. குண்டசாலையிலிருந்து பஸ் ஏறித் திகனைக்குப் போனார். அங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் நஸீப் ஆறு வருஷம் ஜப்பானில் பழைய கார் யார்டில் வேலை செய்தவர். ஒருதரம் முதலாளி அவரைத் தோக்கியோவில் ஒரு பெரிய ஹோட்டலில் தங்க வைத்திருக்கிறார். அந்த ஒரு ராத்திரியை நஸீப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"சுடு தண்ணிதான். சூட்டக் கூட்டிக் கொறைக்கவும் பொத்தான் ஈக்கி" என்றார் நஸீப். "இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க?"

"இன்னும் பயமா ஏதாவது இருந்தா சொல்லுங்க நானா."

"பயமா? எனக்கு அங்கருந்து வரத்தான் பயமா ஈந்திச்சு."

ஆனாலும் நஸீப் சொல்லச் சொல்ல, கிருஷ்ணராஜ் அதில் பயமானதை மட்டும் பொறுக்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து உப்புப் புளி சேர்த்துப் பரிமாறினார்.

"ராத்திரி போடுறதுக்கு ஒரு அங்கி தருவாங்களாம். இடப்பக்கத்த மேல போட்டுத்தான் கட்டணும். மாத்திக் கட்டினா செத்துப்போனவங்க உடுப்பாம்!"

"இடது மேல" என்றாள் அன்னலட்சுமி. நிரோஷாவின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டாள்.

"எதுக்கு எழுதுற?"

"உங்களுக்குத்தான். மறந்துட்டா பொணமாயிருவீங்களே."

அவர் நெகிழ்ந்துபோனார். அந்த நெகிழ்ச்சியில் இன்னும் தாராளமாகச் சொன்னார். காலைச் சாப்பாட்டில் நூல் நூலாக இழுபடும் புளித்த சோயாக் கொட்டை. மணம் வாசல் வரைக்கும் வரும். பக்கத்தில் பச்சை முட்டை.

"நெனைச்சாலே எனக்குக் குமட்டுது. ஆனா என்ன பண்றது, புள்ளைக்காக முழுங்கணும்."

"பாவம்" என்றாள் அவள், எழுதிக்கொண்டே. "தலைக்கு என்ன வைப்பாங்க?"

"தலையணைக்குன்னே ஒரு பட்டியல் இருக்காம். பஞ்சு, இறகு, தானிய உமி... எது வேணும்னு நாமதான் சொல்லணும்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் ஒருமாதிரி இறங்கிவிட்டது. சட்டென்று சமாளித்தார். "பெரிய தலைவலி. எனக்கு அதெல்லாம் ஒத்துவராது."

அன்னலட்சுமி பேனாவை நிறுத்தி அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதையும் எழுதினாள்.

இப்படியே நாலு சனிக்கிழமை போனது. இங்கே அவள் கேட்பாள். அங்கே நஸீப் சொல்வார். நடுவில் இவர் பஸ்ஸில் அல்லாடினார். டாக்ஸிக் கதவு தானாகத் திறக்குமா, மூடுமா? இரண்டும். பல் துலக்கும் பிரஷ் கொண்டுபோக வேண்டுமா? வேண்டாம், சீப்பு, சவரக்கத்தி எல்லாம் அறையிலேயே இருக்கும். பெட்டி தூக்குகிறவனுக்கு என்ன கொடுக்க வேண்டும்? ஒன்றும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தந்துவிட்டுப் போவான். குனிந்து கும்பிட்டால் போதும். லிஃப்டின் கதவு மூடும் வரைக்கும் அவர்களும் குனிந்தபடியே நிற்பார்கள். கடைசி அஸ்திரமாக ஊர்க் குளியலை எடுத்தார்.

"எல்லாரும் ஒண்ணாக் குளிக்கிற தொட்டி அன்னம். பொம்பளைக்குத் தனி, ஆம்பளைக்குத் தனி. ஆனா ஒட்டுத்துணி இல்லாம! மொதல்ல முக்காலியில உக்காந்து தேய்ச்சுக் குளிச்சுட்டுத்தான் தொட்டிக்குள்ள எறங்கணும். பச்சை குத்தினவங்களை உள்ளயே விடமாட்டாங்களாம். எனக்கு நெனைச்சாலே கூசுது."

"தேயிலைத் தோட்டத்துப் பீலித் தண்ணியில பத்துப் பொம்பளைங்களோட குளிச்சு வளந்தவதானே நான்" என்றாள் அன்னலட்சுமி. "அங்க வெந்நியும் இருக்கே."

அவருக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நாலாவது சனிக்கிழமை திகனையிலிருந்து திரும்பும்போது மணி இரண்டு. நல்ல பசி. கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினார். அன்னலட்சுமி ஜன்னலைத் திறந்து, இடுப்பை வளைத்து, அழகாகக் குனிந்தாள்.

"வாங்க. மூணு மணிக்குத்தான் ரூம் குடுப்போம்."

"என்னா வெளையாட்டு இது? பசிக்குது!"

"பையைத் தாங்க, பத்திரமா வைக்கிறோம். ஆளை உள்ள விடமுடியாது. நீங்கதானே சொன்னீங்க, நேரத்துக்கு முன்ன வந்தா பையை மட்டும் வாங்குவாங்கன்னு? அங்க போய்ச் சண்டை புடிச்சுட்டு நிக்கக் கூடாதில்ல, அதான் பழக்குறேன்."

பை உள்ளே போனது. ஜன்னல் மூடியது. அது மூடி முடியும் வரைக்கும் அவள் குனிந்தபடியே நின்றாள். கிருஷ்ணராஜ் வாசற்படியில் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே கருவாடு பொரிகிற மணம் வந்தது. தன் நன்மைக்குத்தான் செய்கிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். மூன்று மணிக்குக் கதவு திறந்தது. ஒரு நிமிஷம் முந்தவில்லை, ஒரு நிமிஷம் பிந்தவில்லை.

மாசக் கடைசியும் வந்தது. கிருஷ்ணராஜ் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தார். நிரோஷா திரையில் சிரித்தாள்.

"அப்பா, சொகமா? அம்மா பேரும் பெரியம்மா பேரும் குடுத்துட்டேன். டிக்கெட் வந்துருச்சு."

வத்தேகமைப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் பாலம்மாதான் பெரியம்மா, அன்னலட்சுமியின் சொந்த அக்கா. கிருஷ்ணராஜுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ரெண்டு பேரா? ஒருத்தருக்குத்தானே?"

"இல்லப்பா, மொதல்லருந்தே ரெண்டு பேருக்குத்தான். அம்மா சொல்லலியா?"

அவர் மெதுவாகத் திரும்பினார். அன்னலட்சுமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தருக்குன்னு சொன்னா என்ன சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள். "'நீ போய்ட்டு வா அன்னம்'னு ஒரு வார்த்தை வந்திருந்தா, ரெண்டு பேருமாப் போயிருப்போம். பருப்பு வேகுறதுக்குள்ள 'நான்தான்'னீங்க."

"உனக்குப் பாஸ்போட்டே இல்லையே!"

"மூணு வாரத்துக்கு முன்ன அக்காவோட மாத்தளை அம்மன் கோயிலுக்குப் போனேன்ல? போற வழியில கண்டியில எறங்கிக் குடுத்துட்டுப் போனோம்."

"அப்ப அக்காவுக்குப் பதிலா என்னக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?"

அன்னலட்சுமி கொப்பியை விரித்தாள். "டொய்லெட்டு: நானே பயந்துக்கிட்டுத்தான் போறேன். காலைச் சாப்பாடு: நெனைச்சாலே குமட்டுது. குளியல்: கூசுது. தலையணை: ஒத்துவராது. எல்லாம் நீங்க சொன்னதுதான். இவ்வளவு கஷ்டத்தை நீங்க படணுமா? அதோட பச்சை குத்தினவங்களை விடமாட்டாங்களாமே."

கிருஷ்ணராஜ் தன் கையைப் பார்த்தார். கல்யாணமான புதுசில் மாத்தளைத் தேர்த் திருவிழாவில் ஆசையாகக் குத்திக்கொண்டது. 'அன்னம்' என்று பச்சையாக இருந்தது.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. "அன்னம்," என்றார், "இருபத்திரெண்டு வருஷம் ஊராருக்குத் தலையணை உறை எண்ணினேன். ஒருநாளு அதுல படுத்துப் பாக்கணும்னு ஆசை. அவ்வளவுதான்."

அன்னலட்சுமி கொப்பியை மூடினாள். அவள் கண் கலங்கியது. வெங்காயம் என்று சொல்ல முடியாது.

"அதை மொத நாளே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். "நானும் இருபத்திரெண்டு வருஷம் நீங்க வந்து சொல்றதைக் கேட்டுக்கிட்டே கெடந்தவதானே. எனக்கும் பாக்கணும்னு இருக்காதா? பேரு குடுத்தாச்சு, மாத்த ஏலாது. அடுத்த வருஷமும் புள்ள நல்லா வேலை செய்வா. அப்ப போங்க."

போகிற நாள் விடியற்காலையில் கண்டி பஸ் ஸ்டாண்டில் கட்டுநாயக்க விமான நிலைய பஸ் புறப்படத் தயாராக நின்றது. இரண்டு பெரிய பெட்டிகளையும் கிருஷ்ணராஜ்தான் தூக்கி வந்தார். மூச்சு வாங்க உள்ளே ஏற்றி, அடுக்கி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். ஏழு வருஷம் குவைத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த பாலம்மாவுக்குப் பெட்டி தூக்குகிறவர்களின் அருமை தெரியும். கைப்பையைத் திறந்து நூறு ரூபாய் ஒன்றை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"பாவம் தம்பி, வேர்த்துப் போய்ட்டீங்க. ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க."

கிருஷ்ணராஜுக்குத் தன்னை அறியாமலே கை நீண்டுவிட்டது. அதற்குள் அன்னலட்சுமி அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"ஐயோ அக்கா, குடுக்கக் கூடாது! பின்னாலயே ஓடிவந்து திருப்பித் தந்துருவாங்க. நாம குனிஞ்சாப் போதும்."

அக்காவும் தங்கையும் சேர்ந்து குனிந்தார்கள், பஸ் திரும்பி மறையும் வரைக்கும். இருபத்திரண்டு வருஷ சர்வீசில் அவரை நோக்கி நீண்ட முதல் டிப்ஸ் கட்டுநாயக்கவுக்குப் போய்க்கொண்டிருந்தது.