கீபோர்டு மேல் எலுமிச்சம்பழம்

ஒரு காட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சிங்கம் இல்லையா என்று கேட்காதீர்கள். சிங்கமும் இருந்தது, தலைநகரில் ஏதோ கமிட்டியில் இருந்தது. காட்டைக் கவனித்துக்கொண்டவர் யானை அய்யா. யானை அய்யாவைக் கவனித்துக்கொண்டது நரி. கம்ப்யூட்டரை யாரும் கவனிக்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு இருந்தது ஒரே வேலை. காலையில் அதைப் போட்டால் அது மோட்டாரைப் போடும். மோட்டார் ஓடினால் குட்டைக்குத் தண்ணீர் வரும். முன்பெல்லாம் ஒரு சுவிட்ச் இருந்தது, தட்டினால் போதும். அது ரொம்பச் சுலபமாக இருந்ததால் பிடுங்கி எறிந்துவிட்டு நவீனப்படுத்தினார்கள். சரி, நமக்கென்ன.

நமக்கில்லை, குட்டையில் குடியிருந்த ஆமை வடிவுக்கு இருந்தது. அந்த வருஷம் புரட்டாசி முடிந்தும் சொட்டு மழை கிடையாது. வடிவின் குஞ்சுகள் அப்போதுதான் பொரிந்து தண்ணீருக்கு வந்திருந்தன, ஓடு இன்னும் கெட்டிப்படவில்லை. தண்ணீருக்குள் இருக்கும்வரை பயமில்லை. வற்றிச் சேறு தெரிந்தால் கரையில் காக்கைகள் காத்திருக்கின்றன. காக்கைகளையும் திட்ட முடியாது, அவற்றுக்கும் வயிறு இருக்கிறது.

அந்தச் சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. யானை அய்யா பெரிய பக்திமான். கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனம், திரைக்குக் குங்குமம், மவுசுக்குக்கூட ஒரு குட்டிப் பொட்டு. கடைசியில் கொழுத்த எலுமிச்சம்பழம் ஒன்றைத் துதிக்கையில் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, கீபோர்டு நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். யானை அழுத்து. சந்தனத்தில் பழம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"நான் வச்ச பழத்தை நான் வந்துதான் எடுக்கணும். வேற எவனும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் காட்டுக்குப் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டார். என்ன பயிற்சி? கம்ப்யூட்டர் பயிற்சிதான். சிரிக்காதீர்கள், யாராவது ஒருத்தர் போய்த்தானே ஆக வேண்டும்.

மறுநாள் காலையில் நரி வந்து கம்ப்யூட்டரைப் போட்டது. அது "பீப் பீப் பீப்" என்று அலறியது. விடாமல் அலறியது. திரையில் ஒரு வரி வந்து நின்றது: கீபோர்டில் ஒரு கீ அழுந்தியபடியே இருக்கிறது. சரிசெய்து தொடரவும்.

நரி அந்த வரியைப் படித்தது. கீபோர்டைப் பார்த்தது. பழத்தைப் பார்த்தது. பிறகு ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "ஏதோ பெரிய கோளாறு போலிருக்கு, கரடி சாரைக் கூப்பிடுங்கப்பா" என்றது.

கரடி சார்தான் அந்தக் காட்டின் சர்வீஸ் இன்ஜினியர். வந்ததும் காதைப் பெட்டியோடு ஒட்டவைத்துக் கேட்டார். திரையைப் படித்தார். அவரும் பழத்தைப் பார்த்தார்.

"ரேம் போயிருக்கும்" என்றார்.

"திரையில வேற என்னமோ போட்டிருக்கே சார்?" என்று வாசலிலிருந்து ஒரு குரல். வடிவுதான். தண்ணீர் வரவில்லையே என்று குட்டையிலிருந்து நடந்து வந்திருந்தாள். ஆமை நடந்து வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

"மெஷின் ஆயிரம் சொல்லும்மா. காய்ச்சல்காரன் உளர்றதை வச்சா டாக்டர் மருந்து எழுதுறார்?" என்றார் கரடி.

ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் நன்றாகத் தேய்த்து, ஊதி, மறுபடி மாட்டினார். பீப் பீப் பீப். புது ரேம் போட்டார். பீப். பவர் சப்ளையை மாற்றினார். பீப். பிறகு மதர்போர்டையே மாற்றினார். புது மதர்போர்டு பழையதைவிடச் சத்தமாக அலறியது.

வடிவுக்குப் பொறுக்கவில்லை. "சார், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பழம் கீ மேல உக்காந்திருக்கே, அதை லேசா நகர்த்திப் பாத்தா என்ன?"

நரி சடாரென்று ஒரு ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கரடி வடிவின் பக்கத்தில் குனிந்து, காதோடு காதாகச் சொன்னார்:

"ஏம்மா, எனக்குக் கண்ணு இல்லையா? வந்து நின்னதுமே தெரிஞ்சுபோச்சு. அது அய்யா வச்ச பழம். நான் எடுத்தா மெஷின் ஓடும், என் பொழப்பு நின்னுரும். பெட்டிக்கு உள்ள இருக்கிற எதுக்கும் பொட்டு வைக்கலை, அதனால அதையெல்லாம் தாராளமா மாத்தலாம்."

"அப்ப கீபோர்டு ஒயரையாவது உருவுங்களேன்."

"ஒயருக்கும் பொட்டு வச்சிருக்கார், பாரு."

பார்த்தாள். வைத்திருந்தார்.

"என் புள்ளைங்க சேத்துல கிடக்குதுங்க சார்" என்றாள் வடிவு. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கரடிக்கும் பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாவப்பட்டுக்கொண்டே அவர் அடுத்த திருகாணியைக் கழற்றினார்.

நரியே மனசு கேட்காமல் யானை அய்யாவுக்குப் போன் போட்டது.

"அய்யா, மெஷின் ஸ்டார்ட் ஆகலீங்க."

"அதெப்படி? பூஜை போட்டோமே! பழம் சரியா இருக்கா?"

"இம்மிகூட அசையலீங்கய்யா."

"அப்ப வேற ஏதோ கோளாறு. நல்லா பாருங்க" என்று வைத்துவிட்டார்.

பார்த்தார்கள். சாயங்காலம் வரை பார்த்தார்கள். கம்ப்யூட்டரில் பழைய பாகம் என்று சொல்லப் பொட்டு வைத்தவை மட்டும்தான் மிச்சம். குட்டையில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை என்று வந்து சொன்னது ஒரு தவளை. காக்கைகள் கரையிலிருந்து சேற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டனவாம். வடிவு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இனி ஓடினாலும் போய்ச் சேர முடியாது. ஆமை எங்கே ஓடுவது.

அப்போது ஜன்னல் வழியாக மாசாணம் என்ற குரங்கு உள்ளே குதித்தான். அவனுக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது, காக்கை விஷயமும் தெரியாது. பூஜைப் பொரி மிச்சம் இருக்குமா என்று பார்க்க வந்தவன். பொரியை நரி முந்தின நாளே முடித்திருந்தது. சும்மா போவானேன் என்று பழத்தைப் பிடுங்கினான். கடித்தான். முகம் கோணியது. "தூ" என்று துப்பிவிட்டு மிச்சத்தை ஜன்னலுக்கு வெளியே எறிந்தான்.

அலறல் நின்றது. திரை வெளுத்தது. தூரத்தில் மோட்டார் உறுமியது. குட்டையில் தண்ணீர் பொத்துக்கொண்டு விழ, காக்கைகள் கரித்துக்கொட்டியபடி மரத்துக்குத் திரும்பின.

கரடி அந்த நேரம் பெட்டிக்குள் தலையை விட்டு ஒரு சின்ன பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்தார். தலையை வெளியே எடுத்தார். "நான் சொல்லலை? பேட்டரிதான்!" என்றார். அவர் ஒருமுறைகூட அப்படிச் சொல்லவில்லை.

யானை அய்யா திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கரடிக்குப் பொன்னாடை போர்த்தினார். இரண்டாவது வேலையாகப் பழம் எங்கே என்று கேட்டார். மாசாணத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

"புளிச்சுது, துப்பினேன். அது ஒரு குத்தமாய்யா?" என்றான் அவன். பிறகுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. "ஆமா, நான் எடுத்த பிறகுதானே அந்தச் சத்தம் நின்னுச்சு? அந்த அக்கா வாசல்லதான் இருந்தாங்க. கேளுங்க."

வடிவை அழைத்து வந்தார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"சொல்லும்மா. பழத்தை எடுத்ததும்தான் மெஷின் ஓடுச்சா?" என்றார் யானை அய்யா. குரலில் கோபமே இல்லை. அதுதான் வடிவைப் பயமுறுத்தியது.

வடிவு ஆம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாகத் திறந்தாள். அதற்குள் நாளைக்கும் மோட்டார் ஓட வேண்டுமே என்ற நினைப்பு வந்தது. அதைப் போடச் சொல்வது யார், நிறுத்தச் சொல்வது யார் என்ற நினைப்பும் வந்தது.

"நான் எதையும் நிதானமா பாக்கிறவ அய்யா. எது முன்ன, எது பின்னன்னு எனக்குத் தெரியலை" என்றாள். சொல்லிவிட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். உள்ளே வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே ஓடு வழக்கம்போல் குளுகுளுவென்று இருந்தது.

தெய்வக் குற்றம் செய்த மாசாணத்தைக் காட்டை விட்டே அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவன் திரும்பி வடிவின் ஓட்டை ஒரு தட்டுத் தட்டி, "புள்ளைங்க நல்லாயிருக்கா அக்கா?" என்று மட்டும் கேட்டான். அவனுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வடிவு தலையை இன்னும் ஆழமாக இழுத்துக்கொண்டாள்.

தெய்வக் குற்றத்துக்குப் பரிகாரம் வேண்டாமா? யானை அய்யா இந்த முறை எலுமிச்சம்பழத்தை நம்பவில்லை. நல்ல பூசணிக்காயாகப் பார்த்து, குங்குமம் தடவி, கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டு மேல் வைத்து அழுத்தினார். பிறகு அடுத்த கட்டப் பயிற்சிக்குக் கிளம்பிப் போனார்.

வடிவு குட்டைக்குப் போய்ச் சேர்ந்து குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. பீப் பீப் பீப். கரையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. வடிவு நிமிர்ந்து மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எந்தக் கிளையிலும் குரங்கு இல்லை.

நீதி: கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க ரேம், மதர்போர்டு, பேட்டரி எல்லாம் கைவசம் இருந்தால் போதாது, பழியைச் சுமக்க ஒரு குரங்கும் ஸ்பேரில் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால், தயவுசெய்து அதைத் துரத்திவிடாதீர்கள்.