அப்பாவின் கல்லறைக்குக் கிரானைட் வேண்டாம்

நீடாமங்கலம்
28.10.2006

அன்புள்ள தம்பி ஆன்டோவுக்கு,

அக்கா பாத்திமா மேரி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் சுகம். அவருடைய சர்க்கரையும் சுகமாகவே இருக்கிறது. தோஹாவில் நீயும் பிரின்ஸியும் பிள்ளைகளும் நலமாயிருக்க ஆண்டவர் துணை நிற்பாராக. போனில் சொல்லக்கூடியதைக் கடிதத்தில் எழுதக் காரணம், போனில் நீ குறுக்கே பேசுவாய்.

கல்லறைத் திருநாளுக்குள் அப்பாவின் கல்லறைமேல் கறுப்புக் கிரானைட் பதித்துத் தங்க எழுத்தில் பெயர் பொறிக்க நீ ஆள் அனுப்பியிருந்தாய். நான் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபப்படுவதற்கு முன் மீதியையும் படி.

அந்தக் கல்லறை அப்பா தன் கையால் கட்டியது. தொண்ணூற்றாறில் அம்மா இறந்தபோது நீ தோஹா போய் நாலு மாதம், லீவு கிடைக்கவில்லை. அம்மாவுக்குக் கட்டி முடித்த கையோடு, பக்கத்திலேயே தனக்கும் ஒன்று தொடங்கிவிட்டார். பங்குச் சாமியார் ஓடி வந்தார். "என்ன ஜெக்கரியா மேஸ்திரி, உசுரோட இருக்கும்போதேவா?" "செத்தப்புறம் நான் எந்திரிச்சு வந்து தண்ணி ஊத்த முடியுங்களா சாமி? சிமெண்டு வெடிச்சிரும்ல?" கல்லறையின் சிமெண்டு மூடி காய்ந்து வெடிக்காமலிருக்க அப்பா அதன்மேல் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். மண் எடுத்தது பக்கத்து வயல் வரப்பில். ஏழாம் நாள் பார்த்தால் கல்லறைமேல் நெல் முளைத்து நிற்கிறது. ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. ரெத்தினம் சித்தி, "குறுவையா சம்பாவா மச்சான்?" என்று கேட்டதற்கு, அப்பா சிரிக்காமல், "அறுப்பு முடியட்டும், அப்பறம் படுத்துக்கறேன்" என்றார்.

பன்னிரண்டு வயதில் பண்ணை வேலையை உதறிவிட்டுச் சாந்துச் சட்டி தூக்கப் போனவர். கூத்தாநல்லூரில் அப்துல் வஹாப் ராவுத்தர் சிங்கப்பூரிலிருந்து ஒரு வீட்டின் போட்டோவை அனுப்பி, இதே மாதிரி கட்டு என்றாரே, நினைவிருக்கிறதா? போட்டோவில் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. அப்பா முன்பக்கத்தை அச்சு மாறாமல் கட்டினார். பின்பக்கத்துக்குத் தனக்குத் தெரிந்ததைக் கட்டினார்: நெல் கொட்ட ஒரு அறை, ஆடு கட்ட ஒரு தாழ்வாரம். லீவில் வந்த ராவுத்தர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "முன்னாடி சிங்கப்பூரு, பின்னாடி எங்க உம்மா வீடு. ரெண்டும் வேணும்தான் மேஸ்திரி" என்றார். அந்தத் தெருவிலேயே அப்பாவுக்கு இன்னும் ஒன்பது வீடு கிடைத்தது. பிறகு வளைகுடாப் பணமும் வரவர இவர் வீடு கட்டினார். கடைசியில் அந்தப் பணத்தைத் தேடி நீயே போய்விட்டாய். என் எம்.ஏ. பட்டத்தைச் சுவரில் மாட்டும்போதும் ரசமட்டம் வைத்துப் பார்த்தவர் அவர். "படிச்ச படிப்பு கோணக் கூடாது."

செவ்வாய்க்கிழமை உன் கிரானைட்காரர்கள் வந்தார்கள். ஒருவர் மூடிமேல் ரசமட்டத்தை வைத்தார். "மேடம், இது சாஞ்சிருக்கு. முக்கா இஞ்சு வாட்டம். கொத்திட்டு லெவல் பண்ணித்தான் கல்லு போடணும்." அப்பா கட்டியதைச் சாய்ந்திருக்கிறது என்று இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. போன வருஷம் எட்டுப் பேர் அந்த மூடியைத் தூக்கி, அவரை உள்ளே இறக்கி, மறுபடி வைத்தபோது நூல் பிசகாமல் உட்கார்ந்ததை நானே பார்த்தேன். உடனே செல்லதுரைக்கு ஆள் அனுப்பினேன். அப்பாவிடம் இருபது வருஷம் கொத்து வேலை பார்த்தவர். வந்து குனிந்து பார்த்தார். மூடியின் விளிம்பை விரலால் தடவினார். பிறகு, "தப்பில்லக்கா. ஐயா வேணும்னே வெச்ச வாட்டம். மழத்தண்ணி அம்மா பக்கம் போயிரக் கூடாது, தன் பக்கமே வடியணும்னு" என்றார்.

நான் கல்லறையில் நின்று அழுகிற ரகம் இல்லை. ஞாயிறு மறைக்கல்வியில் உயிர்த்தெழுதலுக்கே ஆதாரம் கேட்டு வெளியே நிறுத்தப்பட்டவள். ஆனாலும் கிரானைட்காரர்களைப் போகச் சொல்லிவிட்டு, மூடிமேல் கிடந்த தூசியை என் முந்தானையால் துடைத்துவிட்டேன். நாற்பது வருஷம் அம்மாவிடம் 'சாப்பாடு' தவிர ஒரு வார்த்தை கனிந்து பேசாத மனிதர், சிமெண்டில் பேசியிருக்கிறார். அதைக் கொத்தி எடுக்க நீ யார், நான் யார்?

தங்க எழுத்துதான் வேண்டுமென்றால் உன் வீட்டு வாசலில் உன் பெயரைப் பொறித்துக்கொள். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். வேளாங்கண்ணித் தாய் உங்கள் நால்வரையும் வெயிலிலிருந்து காக்கட்டும்.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நல்ல மழை. ஏதோ ஒரு சந்தேகம். குடையை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அப்பாவின் மூடிமேல் விழுந்த தண்ணீர் அத்தனையும், ஒரு சொட்டு மிச்சமில்லாமல், அம்மா பக்கம்தான் வடிகிறது. நேரே செல்லதுரை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"அப்ப அது தப்புதாங்கக்கா," என்றார். "அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஐயாகிட்ட யாருக்கா சொல்றது?"

"அவருதான் போய்ச் சேந்துட்டாரே."

செல்லதுரை தோட்டம் இருக்கும் திசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இருந்தாலும்..."

கிரானைட்காரர்களை நான் திரும்பக் கூப்பிடவில்லை. லீவில் வரும்போது நீயும் கல்லறையருகில் நின்று வாட்டத்தைப் பற்றி எதையும் சொல்லிவைக்காதே.