சினை ஆட்டுக்கு விரதம்

ஆடு நல்லபடி குட்டி போட வேண்டுமா? புல்லை விடு, தண்ணீரை விடு, பார்த்தசாரதி சுவாமிகளைப் பிடி! 2006ஆம் ஆண்டு ஜூலைக் குளிரில் சிட்னித் தமிழர்களிடையே இதுதான் பேச்சு. வென்ட்வேர்த்வில் கடைகளில் கத்தரிக்காய் பொறுக்கிய கைகள்கூட அவர் பெயரைக் கேட்டதும் குவிந்தன.

சனிக்கிழமை காலை. நகருக்கு மேற்கே மகேந்திரராஜாவின் ஐந்து ஏக்கர் காணியில் முப்பது கார்கள் நின்றன. மகேந்திரராஜா பரமட்டாவில் கணக்காளர். வாரநாளில் அரைச் சதம் பிசகினாலும் விடமாட்டார். சனிக்கிழமையானால் மூளையைச் செருப்போடு கழற்றி வைத்துவிடுவார்.

சுவாமியின் முறை எளிது. சினை ஆடு சோர்ந்தால் அது கண் திருஷ்டி. வெள்ளி முழுவதும் ஆட்டுக்கு விரதம். தீனி கிடையாது, தண்ணீர் கிடையாது. சனிக்கிழமை அவர் வந்து கேனிலிருந்து தீர்த்தம் ஊற்றுவார். ஆடு மடமடவென்று குடிக்கும். கூட்டம் "அரோகரா!" என்று அலறும். மீதிக் கேன்கள் விற்றுத் தீரும்.

முந்தின வாரம் இதே காணியில் விரதமிருந்த ஓர் ஆடு வயிற்றுக் குட்டிகளோடு செத்துப்போனது. "ஆடு மனசார விரதம் இருக்கல" என்றார் சுவாமி. கூட்டம் தலையாட்டியது. ஆட்டின் பக்தியில்தான் குறையாம்!

இந்த வாரம் கறுப்பி. மகேந்திரராஜா போத்தல் பால் கொடுத்து வளர்த்த ஆடு. வயிறு புடைத்து, எழும்ப மாட்டாமல் கிடந்தது. அதன் பக்கத்தில் குந்தி வயிற்றைத் தடவிப் பார்த்தார் அவருடைய மனைவியின் அக்கா ரஞ்சினி. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவர்.

"கடைசியா எப்ப தண்ணி குடுத்தனீர்?"

"வியாழன் பின்னேரம், அக்கா. விரதமெல்லோ."

"பிள்ளைத்தாச்சிப் பொம்பிளையை இப்பிடிக் காயப்போட்டிருந்தா உம்மைப் பொலிசில குடுத்திருப்பன்! வயித்தில ரெண்டு குட்டி இடத்தைப் பிடிச்சிட்டுது, ஒரேயடியா நிறையத் தின்னேலாது. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி தீனி வைக்கோணும். நல்ல தண்ணி எந்த நேரமும் முன்னால இருக்கோணும். முதல்ல மிருக வைத்தியருக்குப் போன் அடியும்!"

"அம்மா, தீர்த்தத்தோட விளையாடாதீங்க" என்றார் சுவாமி.

"விளையாடேல்லை. சோதிச்சுப் பாப்பம். உங்கட தீர்த்தம் ஒரு வாளி, என்ர தண்ணி ஒரு வாளி."

"மந்திரம் சொல்லாத தண்ணிய ஆடு தொடாது!"

"மந்திரம்தானே? சொன்னாப் போச்சு."

ரஞ்சினி குசினியிலிருந்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சீனி கரைத்துக் கொண்டுவந்தார். கண்ணை மூடி, சென்ட்ரல் போகும் ரயிலின் நிலையங்களை வரிசையாகச் சொல்லி உருகினார்: "வென்ட்வேர்த்வில்... வெஸ்ட்மீட்... பரமட்டா... ஹாரிஸ் பார்க்... கிரான்வில்..."

இரண்டு பேர் கறுப்பியைத் தாங்கிப் பிடித்தார்கள். அது தீர்த்தத்தை முகர்ந்தது. பனிக்கட்டிக் குளிர், பிளாஸ்டிக் நாற்றம். முகத்தைத் திருப்பியது. அடுத்த வாளியை முகர்ந்தது. குடித்தது. ரயில் சென்ட்ரல் போய்ச் சேருமுன் வாளி பாதி காலி.

"சக்தி இன்னிக்கு வாளி மாறிடுச்சு" என்றார் சுவாமி.

"சக்தியில்லை, தாகம்! ஒண்டரை நாள் காய்ஞ்ச ஆடு, வேற வாளி இல்லாட்டி உங்கட தண்ணியைக் குடிக்காம என்ன செய்யும்? இது எங்க பிடிச்ச தண்ணி?"

சுவாமி கார்ச் சாவியைத் தடவினார். மகேந்திரராஜா குறுக்கே வந்து நின்றார்.

"பைப்புலதான்" என்றார் சுவாமி.

"எந்தப் பைப்?"

"உங்க கேட்டுக்குப் பக்கத்துல இருக்கே... அது."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. மகேந்திரராஜா சிரிக்கவில்லை. "அப்ப போன கிழமை அந்த ஆட்டை நான்தான் சாகடிச்சனான்" என்று கறுப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். வைத்தியர் வந்து மருந்து கொடுத்தார். பத்தாம் நாள் இரண்டு குட்டிகள், துள்ளத் துள்ள!

ஆனால் அன்று சுவாமியின் கார் புழுதி கிளப்பி ஓடியதுமே, யோகா என்ற அம்மாள் பேனாவும் கையுமாக ரஞ்சினியிடம் வந்தார்.

"அக்கா, அந்த ரயில் மந்திரத்தை ஒருக்காச் சொல்லுங்கோ, எழுதிக்கொண்டு போறன்."

ஐந்தறிவுள்ள ஆடே முகர்ந்து பார்த்துத்தான் வாய் வைக்கிறது. ஆறாவது அறிவை வைத்திருப்பவர்களே, அதை எப்போதாவது வெளியே எடுங்கள், தேய்ந்துவிடாது!