தலையணைக்கு எண்பத்தொன்பது

தலையணை நிஜமாகவே தூங்குகிறானா, நடிக்கிறானா என்று தெரிந்துகொள்ள, அவன் மூக்குக்கு நேரே விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான் வாத்தியார். மூச்சு சீராகத்தான் வந்தது. அதுவே சந்தேகமாக இருந்தது.

இரண்டுமே விடுதியில் வைத்த பெயர்கள். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மதியம் வகுப்பு விட்டு வந்ததும் கட்டிலில் விழுகிறவன் தலையணை. அதே நேரத்தில் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து, வாய்விட்டுப் படிக்கிறவன் வாத்தியார். தன்னைக் கிண்டல் செய்யத்தான் அந்தப் பெயர் என்பது அவனுடைய முடிவு.

கிண்டலைப் பொறுத்துக்கொள்ளலாம், மார்க்கை எப்படிப் பொறுப்பது? உடற்கூறு முதல் தேர்வில் தலையணைக்கு எழுபத்திரண்டு. வாத்தியாருக்கு முப்பத்தெட்டு.

"எப்படா படிக்கிற?"

"நான் எங்கடா படிச்சேன்? சும்மா படுத்திருந்தேன்."

"பொய் சொல்லாத."

"சத்தியமாடா."

சத்தியம் பண்ணுகிறவனை எப்படி நம்புவது? தலையணையின் புத்தகத்துக்குள் ஒரு தலைமுடியை வைத்துப் பார்த்தான். ஒரு வாரம் கழித்தும் முடி அசையாமல் அங்கேயே இருந்தது. அப்படியென்றால் வேறு புத்தகத்தை ஒளித்து வைத்திருக்கிறான்! கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடியதில் ஒற்றைச் செருப்பு அகப்பட்டது. அதுவும் வாத்தியாருடையது.

சரி, தூங்கவிடாமல் செய்தால் தெம்பு போய்விடும், திருட்டுத்தனமாகப் படிக்கவும் முடியாது. வாத்தியார் குரலை உயர்த்தினான். மணிக்கட்டு எலும்புகளை எட்டு ஊருக்குக் கேட்கும்படி ஒப்பித்தான். தலையணை கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"தொந்தரவா இருக்கா?"

"சேச்சே, நீ பாட்டுக்குப் படி. கொஞ்சம் நிதானமா படி, அவ்வளவுதான்."

இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் இருக்கவே முடியாது. எதிர் அறைக்காரர்கள்கூடச் சண்டைக்கு வரவில்லை. கதவை அகலத் திறந்து போட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருந்தார்கள். வராந்தா பெருக்கும் அக்கா மட்டும் துடைப்பத்தோடு வாசலில் நின்று, "தொண்டை கட்டிக்கும் தம்பி, தண்ணி குடிச்சிட்டுப் படிங்க" என்றார். இந்தக் கட்டடத்தில் ஒரே மனுஷி என்று வாத்தியாருக்குக் கண் கலங்கியது.

இரண்டாம் தேர்வில் தலையணைக்கு எண்பத்தொன்பது. வாத்தியாருக்கு இருபத்தொன்பது. ராத்திரியெல்லாம் கண்விழித்துத் தலையணையைக் காவல் காத்த அலுப்பில், விடைத்தாள் மேலேயே தூங்கிவிட்டிருந்தான்.

"அடுத்ததுல ஐம்பது வரலைன்னா அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார் பேராசிரியை.

அப்பா பஸ் ஓட்டுநர். மகன் டாக்டருக்குப் படிப்பதை, டிப்போவில் டயருக்குக் காற்று அடிப்பவர் வரை சொல்லி வைத்திருக்கிறவர். அவர் பேராசிரியை முன்னால் தலைகுனிந்து நிற்பதை வாத்தியாரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அடுத்த தேர்வு கால் எலும்புகள். அவற்றைக் காலை வேளைகளில் நூலகத்தில் வாயை மூடிக்கொண்டு படித்து முடித்திருந்தான். மதியம் ஒப்பிப்பதுதான் பாக்கி. ஆனால் ஒப்பிக்கவில்லை. கடைசி மூன்று மதியமும் போர்வையை முகம்வரை இழுத்துவிட்டு, ஓரத்து இடுக்கு வழியாகத் தலையணையை உளவு பார்ப்பதென்று முடிவு செய்தான்.

முதல் நாளே தலையணை எழுந்து உட்கார்ந்தான்.

"டேய், இன்னைக்குப் படிக்கலையா?"

குரலில் பதற்றம். மாட்டினான் பயல்! வாத்தியார் பொய்க் குறட்டை விட்டான். ஐந்தே நிமிடத்தில் அது நிஜக் குறட்டையாகிவிட்டது. மற்ற இரண்டு நாளும் இதே கதைதான். மூன்றாம் நாள் கண் விழித்தபோது, எதிர் அறைக்காரர்கள் வாசலில் கூடி நின்றார்கள்.

"உடம்பு சரியில்லையா வாத்தியாரே?"

எல்லோரும் கூட்டுக் களவாணிகள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

தேர்வில், தூங்கித் தெளிந்த தலைக்குள் எலும்புகள் வரிசையாக வந்து நின்றன. வாத்தியாருக்கு அறுபத்தாறு! அப்பா வரவேண்டியதில்லை. துள்ளிக் குதிக்காத குறையாகத் தலையணையின் மார்க்கைப் பார்த்தான். பத்தொன்பது. எதிர் அறையில் ஒருவன்கூட இருபதைத் தாண்டவில்லை.

சந்தோஷம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இது என்ன புதுத் தந்திரம்?

விடுதிக்கு ஓடினான். வராந்தாவில் அக்கா பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க உண்மையைச் சொல்லுங்க. மூணு நாளா மத்தியானத்துல இவங்கல்லாம் என்ன பண்ணாங்க?"

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவனை வருத்தத்தோடு பார்த்தார்.

"பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க தம்பி? நீங்க பாட்டுக்கு மணிக்கட்டோட நிறுத்திட்டீங்க, கால் எலும்பு எனக்கே ஒண்ணுகூடத் தெரியலையே!"